ஒரே ஒரு பகல்: மைசூரிலிருந்து எந்தப் பழங்கோயிலுக்குச் செல்வது?

மைசூரில் பணிபுரியும் எங்களிடம், தமிழகத்திலிருந்து வரும் வாடிக்கையாளர்களும் உறவினர்களும் ஆண்டு முழுவதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பார்த்தாயிற்று. நாளை ஒரு பகல் மிச்சமிருக்கிறது. இரவு ரயிலுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் எந்தப் பழங்கோயிலைப் பார்ப்பது? கேள்வி எளிது. ஆனால் மைசூரைச் சுற்றி ஆயிரம் ஆண்டு வரலாறு எல்லாத் திசைகளிலும் பரவிக் கிடப்பதால், விடை அத்தனை எளிதன்று.

உலகின் மறுகோடியில் உல்லாசக் கப்பலில் செல்வோரும் இதே சிக்கலில்தான் தவிக்கின்றனர். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கப்பல் சில மணி நேரமே நிற்கும். மாயர்களின் பெருநகரமான சிச்சென் இட்சாவைக் காண விரும்புவோர் படகேறி நிலப்பகுதிக்குக் கடந்து, அங்கிருந்து பேருந்தில் நெடுந்தூரம் உள்நாட்டுக்குள் செல்ல வேண்டும். துலூமோ கடற்கரையிலேயே இருக்கிறது. அளவில் சிறியது, ஆனால் நின்று பார்க்கப் பொழுது கிடைக்கும். கப்பல் யாருக்காகவும் காத்திராது. நம் இரவு ரயிலும் அப்படித்தான்.

நாங்கள் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுள் ஒருவரின் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். முழங்கால் வலி உண்டு. ஒரே நாளில் சிரவணபெளகொளா, ஹளேபீடு, பேலூர் மூன்றையும் காட்டிவிடலாம் என்று நாங்கள் திட்டமிட்டோம். வரைபடத்தில் அவை ஒரே வழியில் இருப்பதாகவே தோன்றின. விந்தியகிரியின் படிகளை அவரால் ஏற இயலவில்லை. நாங்கள் ஏறி இறங்கும் வரை அடிவாரத்தில் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தார். ஹளேபீட்டில் நண்பகல் வெயில்; கல்தளத்தில் வெறுங்காலுடன் நடக்க முடியாமல் பாதியில் திரும்பினார். பேலூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. ஊர் திரும்பும் முன் அவர் சொன்னது இதுதான்: “மலையைக் கீழேயிருந்து பார்த்தேன், காரை உள்ளேயிருந்து பார்த்தேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் அதன்பின் அவர் மைசூருக்கு வரவில்லை. இனி வருவதற்கு அவருடைய உடல்நிலையும் இடம் தராது. முதிய வயதில் வருபவர்களுக்கு ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஆறுதல் பொருந்தாது என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

அதன் பிறகு, யார் கேட்டாலும் இடங்களின் பெயரைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். வண்டிக்குள் எத்தனை மணி நேரம் அமர முடியும்? குழுவிலேயே மெதுவாக நடப்பவரால் எவ்வளவு நடக்கவும் ஏறவும் இயலும்? நாடுவது சிற்பத்தையா, வழிபாட்டையா, வரலாற்றையா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்ததாகும்.

கிழக்கே: சோமநாதபுரம், தலக்காடு

மைசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோமநாதபுரத்தையே, ஒரு பகல் மட்டும் உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைக்கிறோம். ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகராகிய சோமநாதர் 13ஆம் நூற்றாண்டில் இங்கே ஓர் அக்கிரகாரத்தை நிறுவிக் கேசவப் பெருமாள் கோயிலையும் எழுப்பினார். 2023 செப்டம்பரில் பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அம்மூன்றினுள் விமானங்கள் முழுமையாக நிற்பது இங்கு மட்டுமே. ஹளேபீட்டில் இன்று விமானம் இல்லை; பேலூரில் இருந்தது 19ஆம் நூற்றாண்டில் இறக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஹொய்சளக் கோயில் ஒன்று அடி முதல் முடி வரை எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புவோர் வரவேண்டிய இடம் இதுவே.

மூன்று கருவறைகள், மூன்று விமானங்கள், சுற்றிலும் தூண்கள் தாங்கிய திருமாளிகை. நட்சத்திர வடிவிலான உயர்ந்த மேடையின்மீது கோயில் நிற்கிறது. அம்மேடையே வலம்வரும் பாதையாகவும் அமைகிறது. சுவரின் அடிப்பகுதியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதல் வரிசையில் யானைகள், அதன்மேல் குதிரை வீரர்கள், பின்னர் கொடிவேலைப்பாடு, அதன்மேல் இதிகாச, புராணக் காட்சிகள், அடுத்து மகரங்கள், அதற்கும் மேலே அன்னங்கள். இதிகாச வரிசையில் இராமாயணமும் பாகவதமும் மகாபாரதமும் வலம்வருவோரின் நடைக்கேற்பத் தொடர்கின்றன. எனவே இடமிருந்து தொடங்கி நிதானமாகச் சுற்றினால், கதை தெரிந்த பாட்டியே பேரக்குழந்தைக்கு வழிகாட்டியாகிவிடலாம்.

இத்தனை நுணுக்கமும் கல்லில் எப்படிக் கைகூடியது என்று பலர் வியப்பர். காரணம் அக்கல்லின் தன்மையே. நம் ஊர்ப் பெருங்கோயில்கள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. ஹொய்சளச் சிற்பிகள் எடுத்துக்கொண்டதோ மாக்கல் வகையைச் சேர்ந்தது. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் மெல்ல இறுகும் கல் அது. ஆகையால் நகை வேலைக்கு நிகரான நுணுக்கம் இயன்றது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பழங்காலச் சிற்பிகளுள் பெரும்பாலோர் பெயர் தெரியாமல் மறைந்துபோக, ஹொய்சளச் சிற்பிகளுள் பலர் தம் சிற்பங்களின் அடியில் பெயர் பொறித்தனர். சோமநாதபுரத்தில் மல்லிதம்மா என்னும் சிற்பியின் பெயரைப் பல இடங்களில் காணலாம்.

தமிழகத்திலிருந்து வருவோருக்கு இக்கோயில் அந்நியமானதன்று. மூன்றாம் நரசிம்மனின் தந்தை சோமேசுவரன் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தங்கி ஆண்டவன். அங்கே இன்று போஜீஸ்வரர் கோயில் என வழங்குவது ஹொய்சளர் எழுப்பிய சிவாலயமே. சமயபுரம் மாரியம்மனை வணங்கச் செல்வோர் அடுத்த முறை அதையும் பார்த்துவரலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். சோமநாதபுரத்தில் வழிபாடு நடைபெறுவதில்லை. கேசவரின் மூலத் திருவுருவமும் இன்று இல்லை. அர்ச்சனைத் தட்டுடன் வரும் பெரியவர்கள் ஏமாற்றமடைய நேரும். சிற்பத்தை நெருங்கி நின்று பார்க்க விரும்புவோருக்கோ அந்த அமைதியே பேறு.

தென்கிழக்கே காவிரிக் கரையிலுள்ள தலக்காடு, சோமநாதபுரத்தோடு சேர்த்துப் பார்க்கக்கூடியது. கங்கர்களின் தலைநகராயிருந்த இவ்வூரை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைப்பற்றி ராஜராஜபுரம் என்று பெயரிட்டனர். 1116ஆம் ஆண்டளவில் ஹொய்சள விஷ்ணுவர்தனன் அதை மீட்டு, வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். பின்னாளில் ஊரையே மணல் மூடியது. அதற்கு அலமேலம்மாள் என்னும் அரசகுலப் பெண்ணின் சாபமே காரணம் என்பது மக்கள் வழங்கும் கதை. மணலிலிருந்து மீட்கப்பட்ட கோயில்களைக் காண மணற்பாதையில் நடந்தாக வேண்டும். கால்வலி உள்ளவர்களுக்கு இது படிகளைவிடக் கடினம். இளையோர் மட்டும் செல்லும் பயணமானால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

வடக்கே: ஸ்ரீரங்கப்பட்டணம், மேல்கோட்டை

அரைநாள் மட்டும் கையிலிருந்தால் ஸ்ரீரங்கப்பட்டணமே பொருத்தம். தொலைவு சுமார் 16 கிலோமீட்டர்தான். வழிபாடு நடைபெறும் அரங்கநாதர் திருக்கோயிலும் இடிந்த கோட்டையும் ஒரே தீவுக்குள் உள்ளன. 1799ஆம் ஆண்டு மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த களம் இது. அவருடைய உடல் கிடைத்த இடத்தில் நினைவுக்கல் நிற்கிறது. 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களில் ஒன்று, 1780இல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்த போரைக் காட்டுகிறது. அப்போர் நடந்த இடம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் என்று அறியும்போது, தமிழக வாசகர்கள் அவ்வோவியத்தின் முன் சற்றுக் கூடுதலாகவே நிற்பர்.

வைணவ அன்பர்களுக்கு மேல்கோட்டை. இராமாநுசர் சோழநாட்டை விட்டு வந்து நெடுங்காலம் தங்கிய திருத்தலம். செல்லப்பிள்ளையின் சந்நிதியும் கல்யாணித் திருக்குளமும் அருகருகே உள்ளன. யோகநரசிம்மரைக் காண மட்டும் மலைப்படிகள் ஏற வேண்டும். ஏற இயலாதவர் குளக்கரை மண்டபத்தில் காத்திருப்பது, வண்டிக்குள் காத்திருப்பதைவிட நல்லது.

தொலைவில்: சிரவணபெளகொளா, ஹளேபீடு, பேலூர்

சிரவணபெளகொளா சுமார் 85 கிலோமீட்டர். கங்கர்களின் அமைச்சரும் படைத்தலைவருமான சாவுண்டராயர் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே பாறையில் செதுக்குவித்த கோமடேசுவரர் சிலை 57 அடி உயரம். சிலையை எழுப்பியவர் இன்னார் என்று அதன் காலடியில் கன்னடத்திலும் தமிழிலும் மராட்டியிலும் பொறித்திருக்கின்றனர். அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலுடன் ஏறுவோர் அத்தமிழ் எழுத்துகளைத் தேடிப் பார்க்கத் தவறலாகாது. வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது இன்றியமையாதது.

பேலூர், ஹளேபீடு இரண்டும் 150 கிலோமீட்டர் அளவில் உள்ளன. போகவர ஆறேழு மணி நேரம் சாலையிலேயே கழியும். பேலூரின் சென்னகேசவர் கோயில் 1117இல் விஷ்ணுவர்தனன் காலத்தில் எழுந்தது. இன்றும் வழிபாடு தொடர்கிறது. தூண்களின் மேலே சாய்ந்து நிற்கும் மதனிகைச் சிற்பங்களே இதன் புகழ். ஹளேபீடு என்பது ஹொய்சளரின் பழைய தலைநகரான துவாரசமுத்திரம். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பைக் கண்ட நகரம் அது. ஹொய்சளேசுவரர் கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் அளவிலும் செறிவிலும் சோமநாதபுரத்தை விஞ்சுபவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றைக் காண ஹாசனிலோ பேலூரிலோ ஓர் இரவு தங்குவதே முறை. ஒரு பகலுக்குள் அவற்றை அடக்க முயல்வது, நாங்கள் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும்.

ஹம்பியைப் பற்றியும் கேட்பதுண்டு. மைசூரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விஜயநகரத்தின் இடிபாடுகளுக்குக் குறைந்தது இரண்டு நாள் தேவை. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நன்று.

பணமும் பாதுகாப்பும்

வாடகை வண்டி பேசும்போது கிலோமீட்டர்க் கட்டணம், குறைந்தபட்சத் தூரம், ஓட்டுநர் படி, சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டு, குறுஞ்செய்தியாகப் பெற்றுக்கொள்வது நல்லது. மொத்தச் செலவை நபர்வாரியாகப் பகுத்துப் பார்த்தால், இரண்டு இடங்களைக் கூட்டுவதால் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பது தெளிவாகும். பெரும்பாலும் அம்மிச்சம் களைப்புக்கு ஈடாவதில்லை.

முன்பணம் கேட்கும் அறிமுகமற்ற பயண முகவர்களிடம் விழிப்பு தேவை. பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணை இடச் சொன்னால் அது ஏமாற்று. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. சிற்றூர்களில் அலைபேசி இணைப்பு தடைப்படக்கூடும். நுழைவுச்சீட்டு, இளநீர், காலணிக் காப்பு ஆகியவற்றுக்குச் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். கல்தளச் சூட்டுக்குப் பருத்திக் காலுறை ஒரு சோடி போதும். தசரா நாட்களில் செல்வோர், வண்டிக்கும் அறைக்கும் பல வாரங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் நண்பர் ஒருவரின் மாமனார் பேரனுடன் வந்தபோது, அவர்களைச் சோமநாதபுரத்துக்கு மட்டுமே அழைத்துச் சென்றோம். பேரன் அடிவரிசை யானைகளை எண்ணத் தொடங்கினான். நூறைத் தாண்டியதும் கணக்குத் தவறி, மீண்டும் முதலிலிருந்து எண்ணினான். பெரியவர் திருமாளிகையின் நிழலில் இளைப்பாறி, எழுந்து, மறுபடியும் ஒரு சுற்று வந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பி, உண்டு உறங்கி, இரவு ரயிலுக்குச் சென்றனர். பேலூரைப் பார்க்கவில்லையே என்று அவர் கேட்கவில்லை.

ஆதலால் வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. பட்டியலை எழுதும் முன் குழுவிலேயே மூத்தவரிடம், “உங்களுக்கு எதைப் பார்க்க விருப்பம்? எவ்வளவு நடக்க முடியும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்துக்கு முதலில் செல்லுங்கள். பொழுது மிஞ்சினால் மட்டும் இரண்டாவது இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.