கைக்காப்பும் கணினி மொழியும்

மழை விட்டும் விடாத ஒரு மாலை. ஹுன்னஸ்கிரியவில் மூடுபனி வாசற்படி வரை வந்துவிடும் நேரம். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகளோடு ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கண்டியில் நடக்கும் ஒரு வகுப்பின் விளம்பரத் துண்டு. ‘மூன்று மாதத்தில் நான்கு கணினி மொழிகள்’ என்று அதில் இருந்தது.

“ஹஸ்ரத், இவ ஸ்கூல்ல பஸ்கால் படிச்சிருக்கா. அது பழசாம், இனி வேற படிக்கோணுமாம். எதைப் படிக்கிறதெண்டு வெளங்குதில்ல. இந்தக் காப்ப அடகு வெச்சாவது சேர்ப்பமா?”

நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். கணினிப் பாட ஆசிரியன் அல்லன். ஆயினும் அந்தப் பாடம் கற்பிக்கும் நண்பரிடம் கேட்டும், பாடநூல்களைப் புரட்டியும் அந்தத் தாய்க்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

சகோதரிகளே, நம் பெண்கள் மாதச் சீட்டுப் பிடிக்கிறார்கள். கொப்பியில் பெயர் பெயராகப் பார்த்து, காசு தராதவரைக் குறித்து வைக்கிறார்கள். கணினிக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். முதற் பெயரை எடு. காசு வந்ததா பார். வராவிட்டால் பெயரைக் காட்டு. அடுத்த பெயருக்குப் போ. பெயர்கள் முடிந்தால் நில். இந்த ஒழுங்குமுறைக்குத்தான் அல்கோரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பணிபுரிந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. இந்த ஒழுங்கை எழுதிக் கொடுக்கும் மொழிதான் செய்நிரல் மொழி. ஒழுங்கு மனதில் பதிந்த பிள்ளைக்கு மொழி மாறுவது பெரிய காரியமல்ல.

பஸ்கால் 1970இல் வெளிவந்தது. நிக்லாஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்துப் பேராசிரியர், மாணவர்கள் ஒழுங்காகச் சிந்திக்கப் பழக வேண்டும் என்ற நோக்கோடு ஆக்கிய மொழி அது. சமையலறையில் ஒவ்வொரு டின்னிலும் சீனி, உப்பு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டி வைப்பதைப் போல, எந்த இடத்தில் எண் வரும், எங்கே எழுத்து வரும் என்று பஸ்காலில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1991இல் வெளிவந்த பைதன் மொழியில் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, வரிகளும் குறைவு. ஆனால் ‘இப்படியானால் இதைச் செய்’ என்பதும், ‘முடியும் வரை திரும்பச் செய்’ என்பதும் இரண்டிலும் உண்டு. ஆகவே பஸ்கால் படித்த காலம் வீண் போகவில்லை.

என் அனுபவமும் அதுவே. அரபு இலக்கணம் கற்க ஆண்டுகள் சென்றன. பின்னர் உர்துவைத் தொட்டபோது எழுத்தும் நிறையச் சொற்களும் ஏற்கனவே பழகியவையாக இருந்தன. முதல் மொழியை ஊன்றிப் படித்தவருக்கே இரண்டாவது மொழி இலகுவாகிறது. மூன்று மாதத்தில் நான்கைத் தொட்டவருக்கு ஒன்றும் கைவசமாகாது.

சரி, அடுத்தது எது? முதலில் என்ன வேலை செய்யப் போகிறோம் என்று கேட்க வேண்டும். இணையப் பக்கங்கள் இயங்க ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். அன்ட்ரொய்ட் கைபேசிச் செயலிகளுக்கு கொட்லின் உதவும். தரவுகளைச் சேமித்துத் தேட எஸ்.கியூ.எல். இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே மொழி கிடையாது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ‘சஹன’ என்ற மென்பொருளை ஆக்கினார்கள். காணாமற் போனோர், முகாம்கள், தேவைப்படும் உதவிகள் ஆகியவற்றைப் பதிவு செய்வதே அதன் பணி. அன்று அதை பி.எச்.பி. மொழியில் எழுதினார்கள். பின்னர் அதே பணிக்காக பைதனில் புதிதாக எழுதப்பட்ட பதிப்பு, 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. மொழி மாறியது, துயருற்றோருக்கு உதவும் வேலை மாறவில்லை.

இரண்டாவது, பிள்ளை போகும் வழியில் எந்த மொழி காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் இருப்பது பைதன். அந்தப் பாடத்தை எடுக்க நினைக்கும் இந்தப் பிள்ளைக்கு அதுவே அடுத்த படி.

மூன்றாவது செலவு. பைதனை இலவசமாகப் பெறலாம். கைபேசியிலேயே எழுதிப் பார்க்கும் செயலிகளும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் பைதன் பாடத்தை இலவசமாக வழங்குகிறது. இவற்றைத் தொட்டுப் பார்க்காமல் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவது ஏன்?

பிள்ளையிடம் ஒரு வேலை கொடுத்தேன். “மகள், உம்மாவின் சீட்டுக் கணக்கை முதலில் உமக்குத் தெரிந்த பஸ்காலில் எழுதும். பிறகு அதையே பைதனில் எழுதிப் பாரும். இரண்டும் ஒரே பெயர்களைக் காட்டினால், அடுத்த மொழிக்கு நீர் தயார்.”

அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். “உம்மா, அந்தச் சீட்டுக் கொப்பி எங்க?”

தாய் சிரித்துவிட்டார். கழற்றி வைத்திருந்த காப்பு மீண்டும் கைக்குப் போனது.