பத்மநாபபுரம் அரண்மனை குளிர்ந்திருப்பது ஏன்?

வள்ளியூரிலிருந்து பேருந்தேறி, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நாகர்கோவில் வழியாகத் தக்கலைக்குச் சென்றிருக்கிறீர்களா? சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் பழைய வீடுகளின் கூரை மாறிவிடுகிறது. நம் பக்கத்தில் தட்டையான மாடி. அந்தப் பக்கத்தில் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரை.

காரணம் மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும்போது குளிர்ந்து, மேற்கே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று அழுத்தம் கூடிச் சூடேறி, வறண்டு நம்மிடம் வருகிறது.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை அந்த மழைக்காகவே கட்டப்பட்டது போலிருக்கும். 1601 வாக்கில் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் இதனை, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா விரிவாக்கினார். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரள அரசே பராமரிக்கிறது.

மாணவர்களுடன் அங்கு சென்றிருந்தபோது, "ஏ.சி. இல்லாமலே எப்படி சார் இவ்வளவு குளிர்ச்சி?" என்றான் ஒருவன். வழிகாட்டிகள் இதனை மாயம்போல் சொல்வதுண்டு. மாயம் ஒன்றுமில்லை.

மந்திரசாலைக்குச் சென்று பாருங்கள். அதன் சுவரில் சாய்வான மரப்பட்டிகள் அடுக்கடுக்காக உள்ளன. காற்றுக்கு அவை தடையில்லை. ஆனால் மேலிருந்து வரும் வெயிலும் சாரலும் பட்டிகளில் மோதி நின்றுவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்ததால் மேலெழும். உயர்ந்த கூரையின் முகட்டருகே உள்ள திறப்புகள் வழியே அது வெளியேற, கீழே புதுக்காற்று உள்ளே வருகிறது. நடுமுற்றங்களும் இந்த ஓட்டத்துக்கு உதவுகின்றன. வெளிச்சத்துக்கு வண்ணம் பூண்ட அபிரகத் தகடுகள். கண்ணாடி அரிதாயிருந்த நாளில், மெல்லிய ஏடுகளாகப் பிரியும் அந்தக் கனிமம் நல்ல மாற்று.

ஓடுகளோ ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. நீர் தேங்கினால் இடுக்குகளில் நுண்புழை ஏற்றத்தால் உள்ளே கசியும். சரிவு கூடும்போது ஈர்ப்பு விசையின் பெரும்பங்கு நீரைக் கீழ்நோக்கி இழுக்கிறது, கசிய நேரமில்லை. முன்னே நீண்ட இறவாணம் சுவரையும் நனையாமல் காக்கிறது.

கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் தொட்டுப் பார்க்கத் தோன்றும். சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியன கலந்தது என்கிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது என்பது மட்டும் உறுதியான வேதியியல்.

சரி, இதே போன்ற வீட்டை வள்ளியூரில் கட்டலாமா? அவசரப்பட வேண்டாம்! நம் ஊரில் கோடைப்பகலில் வீசுவது அனல்காற்று. அதை நாள் முழுதும் உள்ளே விடுவது புத்திசாலித்தனமல்ல. நம் முன்னோரின் தடித்த சுவரும் சிறு சன்னலும் பகல் வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தாமதப்படுத்தின. இரவில் சுவர் அதை வெளியிடும்போது, வீட்டார் கட்டிலை முற்றத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நானோ கான்கிரீட் வீட்டில் இருக்கிறேன். மெல்லிய தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி, நள்ளிரவு வரை தலைக்குமேல் அதைத் திருப்பித் தருகிறது. சென்ற கோடையில் மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டேன். வெயில் தளத்தைத் தொடவில்லை; பந்தலுக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓடியது. படுக்கையறையில் மின்விசிறியின் காற்று இரவில் சுடாதிருந்தது அந்தக் கோடையில்தான்.