15 மீட்டருக்குக் கீழே இருந்தால் அது அணை இல்லையா?

அணை என்றதும் நம்மில் பலருக்கு மேட்டூர் ஞாபகம் வரும். இலங்கை நண்பர்களுக்கு விக்டோரியா வரும். உயரமான சுவர், பின்னால் கடல் மாதிரி தண்ணீர். முக்கொம்பை யாரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. எங்களைப் போன்ற திருச்சிக்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை புளிசோறு கட்டிக்கொண்டு போகிற இடம், அவ்வளவுதான்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, அந்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் தூணோடு ஆற்றில் போயின. இங்கே கால்கரியில் அப்போது காலை நேரம். வேலைக்குக் கிளம்பும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்து விழுந்தது. "பழைய வீடியோவா இருக்கும்" என்று ஒருத்தர் எழுதினார். பழையது இல்லை.

மேலணை தண்ணீரைச் சேமிக்கிற அணை அல்ல, திருப்பிவிடுகிற அணை. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் கொள்ளிடம் பள்ளமானது, நேரானது. விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிக் கடலில் கலந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. காவிரி மண் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காய ஆரம்பித்தன. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய தடுப்புதான் மேலணை. பிறகு அதில் எத்தனையோ மாற்றங்கள். வேலை மட்டும் அதேதான்: ஒரு சில மீட்டர் நீர்மட்டத்தை உயர்த்திக் காவிரிப் பக்கம் தள்ளுவது. அந்தச் சில மீட்டரை நம்பித்தான் டெல்டா இருக்கிறது.

உடைந்ததும் வழக்கமான சண்டை தொடங்கியது. கட்டுமானத்துக்கு 182 வயதாகிவிட்டது, வெள்ளமும் அதிகம் என்றது அரசு. மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான காரணங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மணல் மேல் நிற்கிற கட்டடத்துக்கு வயது ஒரு பிரச்சினைதான். ஆனால் காலடியில் இருக்கிற மணல் இறங்கிக்கொண்டே போனால் நேற்றுக் கட்டியதும் நிற்காது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து, தளம் முடிகிற இடத்தில் ஆற்று மணலைத் தோண்டுகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பள்ளம் கொஞ்சம் ஆழமாகிறது. இது மேலே நடப்பது. கீழே இன்னொன்று நடக்கிறது. மேல்பக்கத் தண்ணீரின் அழுத்தத்தால் தளத்துக்கு அடியில் மணல் வழியாக நீர் ஊர்ந்து, கீழ்ப்பக்கம் ஊற்றாக எழும்பும். அது தெளிந்த நீராக இருக்கிற வரைக்கும் பெரிய கவலை இல்லை. கலங்கி வந்தால் அணைக்கு அடியிலிருந்து மண் வெளியே போகிறது என்று அர்த்தம். உத்தரப் பிரதேசத்தில் கங்கையின் மேல் இருக்கிற நரோரா அணைக்கட்டின் தளம் 1898இல் பெயர்ந்தது அடியிலிருந்து வந்த அழுத்தத்தால்தான். மண்ணுக்குள் ஊர்கிற இந்த நீரைக் கணக்குப் போட்டுக் காட்டிய ஏ.என். கோஸ்லாவின் முறையைத்தான் பொறியியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். (அவர் பின்னாளில் ஒரிசா ஆளுநரானார். அந்தக் காலத்தில் நீர்ப்பாசன இன்ஜினியருக்கு அப்படி ஒரு மரியாதை.)

ஆக, இப்படிப்பட்ட அணையைக் கண்காணிக்கச் செயற்கைக்கோள் எல்லாம் வேண்டாம். தளத்துக்குள் இறக்கிய நாலைந்து குழாய்கள் போதும், அவற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதலாம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கயிற்றில் கனமான குண்டைக் கட்டி இறக்கிப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கலாம். தூணில் விரிசல் இருந்தால் அதன் மேல் தேதி போட்டுக் கோடு கிழிக்கலாம். ஷட்டரை வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். இதற்கெல்லாம் முக்கியமாக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எழுதுகிற நோட்டைப் படிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

போன மாசம் லால்குடிப் பக்கம் இருக்கிற சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். "முன்னாடியெல்லாம் லஸ்கர் சைக்கிள்ல வாய்க்கால் கரையோடவே வருவாரு தம்பி. எந்த மதகுல கசியுது, எங்க கரை இளகியிருக்குன்னு அவருக்கு மனப்பாடம். இப்ப ஒரு ஆளுக்கு நாலு ஆளு வேலை. தண்ணி வரலைன்னா நாங்கதான் போன் போட்டுச் சொல்றோம்" என்றார். மட்டக்களப்பு நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, தங்கள் ஊர் வட்டவிதானையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிற ஆள்தான், ஆனால் வாய்க்காலில் நண்டு வளை போட்டால்கூட அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

இந்தியாவில் 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, பதிவேடு, கருவிகள், அவசரகாலத் திட்டம் என்று நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்று பாருங்கள். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் உள்ளே வரும். 10 முதல் 15 மீட்டர் என்றால் நீளம், கொள்ளளவு, வெள்ள அளவு போன்றவற்றில் ஏதாவது ஒரு நிபந்தனையைப் பூர்த்தி செய்ய வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே என்றால் சட்டம் கண்டுகொள்ளாது. ஆற்றின் குறுக்கே படுத்துக் கிடக்கிற நம் அணைக்கட்டுகளில் பெரும்பாலானவை இந்த அளவைத் தொடுவதே இல்லை. ஆங்கிலத்தில் 'அனிகட்' என்கிற வார்த்தையே நம் 'அணைக்கட்டு' போட்ட குட்டி. அந்த அணைக்கட்டு தேசியச் சட்டத்தின் கண்ணில் படாமல் போவதை என்னவென்று சொல்வது!

நான் இருக்கிற ஆல்பர்ட்டாவிலும் வாய்க்கால் தண்ணீரில் விவசாயம் நடக்கிற இடங்கள் உண்டு. இங்கே 2.5 மீட்டர் உயரமும் 30,000 கன மீட்டர் கொள்ளளவும் இருந்தாலே அது அணை. 'அணை மற்றும் வாய்க்கால் பாதுகாப்பு' என்றே விதிமுறைக்குப் பெயர், வாய்க்கால் கரையும் அதற்குள் வந்துவிடுகிறது. உடைந்தால் என்ன போகும், எத்தனை உயிர், எவ்வளவு சொத்து என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். உயரம் உள்ளே நுழைவதற்கான அளவு மட்டும்தான், ஆய்வு எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதை விளைவுதான் தீர்மானிக்கிறது. இதைத்தான் நாம் இரவல் வாங்க வேண்டும்.

இந்த ஊரில் எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். கால்கரி நகருக்குள்ளேயே 'போ' ஆற்றில் பாசனத்துக்காக ஒரு சின்ன அணைக்கட்டு இருக்கிறது. (பெயர்தான் 'போ', குளிர்காலத்தில் பாதி உறைந்துபோய் எங்கேயும் போகாது.) பார்க்க ஒரு படிக்கட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் தண்ணீர் விழுகிற இடத்தில் சுழல் உருண்டுகொண்டே இருக்கும், உள்ளே போன படகையும் ஆளையும் வெளியே விடாது. பல வருஷமாக ஆட்கள் செத்தார்கள். பிறகுதான் கீழ்ப்பக்கம் பாறைகளை அடுக்கிச் சரிவாக மாற்றி, 2012இல் திறந்தார்கள். மறுவருஷ வெள்ளம் அதைச் சிதைத்தது. திரும்பக் கட்டி 2018இல் திறந்தார்கள், முக்கொம்பு உடைந்த அதே வருஷம். நம் ஊர்த் தடுப்பணைகளில் குளிக்க இறங்கிப் போகிற பிள்ளைகளின் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுழல்தான் ஞாபகம் வருகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகிறவர்கள் இதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். நீச்சல் குளத்தில் பழகிய நீச்சல் அங்கே உதவாது.

எச்சரிக்கையை யாரும் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இலங்கை வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது குளக்கட்டு, மேலணை வேறு ரகம் என்பது உண்மைதான். தண்ணீர் மண்ணை அரிக்கிற விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

முக்கொம்பில் உடைந்ததற்குப் பதிலாக முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதிய கதவணை கட்டினார்கள். புதிதாகக் கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்கிற ஆளுக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? வெளிநாட்டில் இருக்கிற நாமும் அதே புத்திதான். ஊர்க்குளம் தூர்வார, கோயில் கும்பாபிஷேகம் நடத்த உடனே பணம் அனுப்புகிறோம். தூர்வாரிய குளத்தின் மதகை அடுத்த வருஷம் யார் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை.

இந்தியக் குடியுரிமையை இன்னும் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். குடியுரிமை மாறியவர்கள் ஊரில் இருக்கிற அண்ணனையோ மாமாவையோ போடச் சொல்லலாம். ஊருக்கு மேலே இருக்கிற அணைக்கட்டின் பெயரை எழுதி நாலு விஷயம் கேளுங்கள்: கடைசியாக ஆய்வு செய்த தேதி, அந்த அறிக்கையின் நகல், கடைசி வெள்ளத்துக்குப் பிறகு கீழ்ப்பக்கப் பள்ளத்தை அளந்த விவரம், அங்கே இப்போது எத்தனை லஸ்கர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன. நான் சித்தப்பா பெயரில் போட்டுக் காத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.