இரு பாடல்கள் சந்திக்கும் இடம்

கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கல்யாண வரவேற்புகளில் மேளத்தோடு டி.ஜே.யும் இடம்பிடித்துவிட்ட இக்காலத்தில், டி.ஜே. கலையைப் பயிலப் புகும் இளைஞர் முதலில் சாதிக்க வேண்டியது, ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டு தொடங்குவதை ஆடுவோரின் பாதங்கள் உணராதபடி செய்யும் சாமர்த்தியமே. 1960களின் இறுதியில் நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராசோ இரு இசைத்தட்டுகளின் தாளத்தை இணைத்து ஒலிக்கவிட்ட நாள் முதல் இதன் சாரம் மாறவில்லை.

நிமிஷத்துக்கு 120 தாள அடிகள் விழும் பாட்டிலிருந்து 123 அடிகள் கொண்ட பாட்டுக்குச் செல்ல, முன்னதன் வேகத்தை இரண்டரை சதவிகிதம் உயர்த்தி, புதிய பாட்டின் முதல் அடியை ஹெட்போனில் கேட்டுத் தயாராக வைத்து, பழையதில் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கும் க்ஷணத்தில் அதை விடுவித்து, பழையதன் பேஸைக் குறைத்த பின்னரே புதியதன் பேஸை ஏற்ற வேண்டும். இரண்டும் ஒருங்கே முழங்கினால் ஓசை குழம்பிவிடும்.

நம் பாடல்களுக்கோ வேறொரு சங்கடமும் உண்டு. வேகம் சமமானாலும், அடியை மூன்றாகப் பகுக்கும் திஸ்ர நடைக் குத்துப்பாட்டின் மேல் நான்காகப் பகுக்கும் சதுஸ்ர நடைப் பாட்டைப் படரவிட்டால் அடிகள் பிணங்கும். ஆகையால் அங்கே கலக்க முயலாமல், பல்லவி முடிவில் துணிந்து நிறுத்தி, அடுத்ததை முழு வேகத்தில் தொடங்குவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். திஸ்ர நடைப் பாட்டின் வேகத்தை டி.ஜே. மென்பொருள் ஒன்றரை மடங்காகப் பிழைபடக் காட்டுவதும் உண்டாதலால், திரையின் எண்ணை நம்பாமல் கையால் தாளம் போட்டே அதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.