பாருங்கள்... பறிக்காதீர்கள்!

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கிராமத்துப் பக்கம் போனால் வேலியோரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தீப்பற்றிக்கொண்டதுபோல ஒரு பூ தெரியும். அதுதான் செங்காந்தள், நம் தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள்.

இதன் இலை நுனியே கம்பிபோலச் சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே கொடி மேலே ஏறிவிடும்! ஆறு இதழ்களும் முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் செக்கச்செவேல். என்ன அதிசயம் பாருங்கள்!

குழந்தைகளுக்கு அவசியம் காட்டுங்கள். ஆனால், தள்ளி நின்று! கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் விஷம். கலப்பைக் கிழங்கு எனப்படும் இதன் கிழங்கை, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

‘சித்த மருந்தில் இதைச் சேர்க்கிறீர்களே டாக்டர்?’ என்பீர்கள். சேர்க்கிறோம், முறைப்படி சுத்தி செய்து, அளவோடு. இதிலுள்ள கால்சிசின் என்ற பொருளை அலோபதியிலும் ‘கௌட்’ என்கிற மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில்தான் தருகிறார்கள். வீட்டில் கை வைத்தியமாகச் செய்கிற விஷயமே இல்லை.

தவறி யாராவது தின்றுவிட்டால், சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். அதுவரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி, மழை விட்டதும் குடும்பத்தோடு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மனசு லேசாகும்!