வரையாட்டுக்கு வீடு எங்கே?

நமது ராஜ்யத்தின் பிராணியாகிய வரையாட்டைக் காக்கும் பொருட்டு, தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022-ஆம் வருஷத்தில் ஒரு திட்டம் வகுத்து, 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினர். வரையாடு முன்னே வாழ்ந்து பின் அற்றுப்போன மலைகளில் அதை மறுபடி குடியேற்றுவதும் அத்திட்டத்தில் ஓர் அங்கம். இந்நோக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்காமலிருக்க முடியவில்லை: வரும் ஆட்டுக்கு வீடு எங்கே?

சங்கப் புலவர்கள் ‘வருடை’ என்று பாடிய இப்பிராணி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில், சோலைகளுக்கிடையே விரிந்த புல்வெளியில் மேய்வது. மழையை உறிஞ்சிவைத்துக் கோடையில் பவானிக்கும் அதன்வழி காவேரிக்கும் நீர் தருவதும் அப்புல்வெளியே. அதைத் தரிசென்று எண்ணிய வெள்ளைக்காரர், ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொணர்ந்து நட்டனர். ஆட்டை வேட்டையாடிக் குறைத்தவர்களும் அவர்களே. ஆனால் பழி முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சுயராஜ்யம் வந்த பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டு ஆலைக்காகவும் நம்மவரே அம்மரங்களைப் பெருக்கினர். 2025-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வரையாடுகள் சுமார் 1,300 தான்.

பிராணியைக் கொண்டுபோய் விடுவது மட்டும் போதாதென்பதற்கு ராஜஸ்தானத்துச் சரிஸ்கா சாட்சி. அங்கே வேட்டைத் திருடரால் புலிகள் அடியோடு அழிந்தன. 2008-இல் ரண்தம்போரிலிருந்து ஆகாய மார்க்கமாய்க் கொண்டுவந்த முதற்புலி, 2010-இல் விஷத்தால் மாண்டது. மத்தியப் பிரதேசத்துப் பன்னாவிலோ, 2009-இல் கொண்டுவிடப்பட்ட புலிகள் மறுவருஷமே குட்டி ஈன்று பல்கின. இடமும், அவ்விடத்து ஜனங்களின் மனமும் இணங்கினாலன்றிப் பிராணி பிழைக்காது.

பட்டு நெய்யும் ஏனாத்தூருக்கு மலையாட்டின் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பாவு பூட்டாத தறியில் ஊடை ஓடாது என்பதை ஏனாத்தூர்த் தறிக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே புல்வெளியே பாவு, வரையாடு ஊடை. தோற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டைக் கண்ட காஞ்சி ஜனங்கள், ஒரு தொழிலின் லாபத்துக்காக மலையும் நதியும் என்ன விலை கொடுக்கின்றன என்பதையும் அறிவார்கள்.

ஆகவே நாம் கோருவது இரண்டு. முதலாவது, சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை ஆட்டைக் குடியேற்றுவதற்கு முந்தி நடக்கவேண்டும். அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை ஹைகோர்ட்டும் உத்தரவிட்டிருக்கிறது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருஷங்கள் உயிரோடு கிடக்குமாதலால், ஒருமுறை வெட்டிவிட்டுக் கணக்கை மூடுவதில் பயனில்லை. வருஷந்தோறும் முளையைப் பிடுங்கப் பணமும் ஆளும் வேண்டும். இரண்டாவது, தலைமுறை தலைமுறையாய் அப்புல்வெளியில் எருமை மேய்த்துவரும் தோடர் முதலிய மலைவாசிகளை விலக்கி வைக்காமல், 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய கிராம சபைகளைக் கலந்தே எதையும் செய்யவேண்டும்.

ஆட்டை விடும் நாளில் மந்திரிகளும் படக்காரர்களும் தாமாகவே மலையேறுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடக்கவேண்டிய வேலையைச் சட்டசபையில் வருஷந்தோறும் கேட்டு வாங்குவது, பொது ஊழியத்தில் ஈடுபட்ட நம் நண்பர்களின் கடமை.