தக்கையும் தும்பும்

உலக வாணிகத்தைப் பற்றிப் பேசுவோர் தேயிலையையும் இறப்பரையும் முதலிற் குறிப்பிடுவர். மரத்தின் பட்டையும் தேங்காயின் மட்டையும் கடல்கடந்து செல்லும் மூலப்பொருள்கள் என்பதை நினைப்போர் சிலரே. ஐரோப்பியரின் தக்கையையும் நமது தும்பையும் ஒருங்குவைத்து நோக்கின், மூலப்பொருள் விற்கும் நாடு செல்வமடைவது எவ்வாறு என்பது நன்கு விளங்கும்.

தக்கையாவது மத்தியதரைக் கடலின் மேற்குப் பாகத்தைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் ஓக்கு இன மரமொன்றின் புறப்பட்டை. மரம் ஏறத்தாழ 25 ஆண்டு வளர்ந்த பின்னரே முதன்முறை பட்டை உரிப்பர்; பின்னர் 9 ஆண்டுக்கொருமுறை உரிப்பர். மரம் வெட்டப்படுவதில்லை. போத்தலடைப்புக்கு ஏற்ற பட்டை மூன்றாம் உரிப்பிலேயே கிடைக்கும். எனவே பாட்டன் நட்டதைப் பேரன் விற்கின்றான். 1665 இல் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் தம் நூலில் வரைந்து காட்டிய நுண்ணறைகள் இப்பட்டையினுடையவையே. அவ்வறைகளில் அடைபட்ட காற்றே தக்கைக்கு நொய்மையை அளிக்கின்றது.

அந்நொய்மையே வணிகனுக்கு இடராகும். இத்தகைய பண்டத்துக்குக் கப்பற்கூலி அதன் நிறையாலன்றி, அது அடைக்கும் இடத்தாலேயே கணிக்கப்படும். ஆதலின் பட்டையை நீரில் வேகவைத்துத் தட்டையாக்கித் தரம்பிரித்துக் கட்டுவர். அடைப்பு வெட்டியபின் எஞ்சிய துண்டுகளைச் சூடாக்கி அழுத்தினால், அவை தம் இயற்கைப் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்பட்டது. கழிவு வெப்பங்காக்கும் பலகையாயிற்று. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதியை விளைவிக்கும் போர்த்துக்கல், ஒருகாலத்திற் பட்டையையே மிகுதியாக அனுப்பியது. இன்று அதனைப் பெரும்பாலும் செய்பொருளாக்கியே அனுப்புகின்றது.

இனி நம் நாட்டை நோக்குவாம். இரத்மலானையினின்று காலி வீதிவழியே தெற்கே நெடுந்தூரம் செல்வோர், கரையோர நீர்நிலைகளில் மட்டை ஊறக் காண்பர். மாதக்கணக்கில் ஊறிய மட்டையை அடித்தெடுப்பது வெண்தும்பு, அது கயிறாகும். குருநாகல், புத்தளம் முதலிய மாவட்டங்களிலோ குறைந்த காலமே ஊறிய மட்டையை, ஆணி பதித்த சுழலுருளையிற் பிடிப்பர். கையில் எஞ்சும் நீண்ட தும்பு தூரிகைக்கும், கீழே விழும் குறுந்தும்பு மெத்தைக்கும் ஆகும்.

அவற்றோடு உதிரும் தும்புச்சோறு நெடுங்காலம் ஆலைகளின் அருகே குன்றுபோற் குவிந்து கிடந்தது. தன் நிறையினும் பன்மடங்கு நீரை ஏந்தவல்ல அப்பொருளைத் தூரதேசத்துக்கு அனுப்ப, அதன் நொய்மையே தடையாயிற்று. உலர்த்தி, ஏறத்தாழ ஐந்திலொரு பங்காக அழுத்திக் கட்டியாக்கும் முறை அத்தடையை நீக்கியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி தொடக்கம், சதுப்புநிலங்களில் அகழ்ந்தெடுக்கும் முற்றாக் கரிமண்ணுக்கு மாற்றாக அது மேனாட்டுத் தோட்டங்களுக்குச் செல்கின்றது. உப்பு நீங்க நன்னீரிற் கழுவிய சோற்றுக்கு மதிப்பு அதிகம். ஆயினும் கழுவிய நீர் ஓடைகளைக் கெடுக்காது காத்தல் நம் கடனாகும்.

இவ்விரு பண்டங்களுக்கும் பொதுவான போட்டியாளர் உளர். தக்கையடைப்பை நெகிழியும் உலோகத் திருகுமூடியும் எதிர்த்தன. தும்புத் தூரிகையை நைலோனும், தும்பு மெத்தையைச் செயற்கை நுரையும் எதிர்த்தன. விலைகுறைத்து இப்போட்டியை வெல்லல் இயலாது. மட்கும் பொருள் என்னும் சிறப்பைப் புதிய பயனாக மாற்றுவோரே நிலைபெறுவர். மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் விரிக்கும் தும்புவலை இதற்கு நல்ல சான்று.

தும்பைக் கட்டாக விற்கும் நாடு மட்டையின் விலையைப் பெறுகின்றது. மெத்தையாக விற்கும் நாடோ அறிவின் விலையையும் பெறுகின்றது. ஊறிய மட்டையோடு நாள்முழுதும் உழைக்கும் கைகளுக்கு நல்லூதியம் அவ்விரண்டாம் விலையிலிருந்தே வரல்வேண்டும். இரசாயனமும் பொறியியலும் வணிகமும் பயிலும் நம் மாணவர் தம் ஆய்வுக்குப் பொருள்தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. வீட்டுக் கொல்லையிற் கிடக்கும் மட்டையே போதும்.